எல்லையில் கட்டிய கூடு

தேன்பருந்தை அடையாளம் காண அதன் விரல்களை எண்ண வேண்டும். கால்விரல்களை அல்ல. இறக்கையை முழுக்க விரித்து வட்டமிடும்போது நுனியில் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும் நீண்ட இறகுகளைத்தான் பறவை பார்ப்பவர்கள் விரல் என்கிறார்கள். ஐரோப்பாவிலிருந்து மேற்கு சைபீரியா வரை கூடு கட்டும் தேன்பருந்துக்கு ஐந்து விரல். அல்தாய் மலைப்பகுதி தொடங்கி ஜப்பான் வரை கூடு கட்டும் கிழக்கத்தித் தேன்பருந்துக்கு ஆறு. முன்னது குளிர்காலத்தை ஆப்பிரிக்கக் காடுகளில் கழிக்கும். பின்னது தெற்கே நம் பக்கம் வரும். அக்டோபர், நவம்பரில் பினாங்குக்கு மேலே, வெயில் ஏறி காற்று சூடானதும், சிறு கூட்டங்களாகச் சுழன்று உயர்ந்து தெற்கே நழுவிப் போகிறவற்றில் பல இந்த ஆறு விரல்காரர்கள்.

வேறு வேறுபாடுகளும் உண்டு. ஐரோப்பியப் பறவையின் இறக்கை மடிப்பில், நம் மணிக்கட்டு இருக்கும் இடத்தில், அடிப்பக்கமாக ஒரு கருந்திட்டு இருக்கும். கிழக்கத்திப் பறவைக்கு அது கிடையாது. மாறாக அதன் தொண்டையில் கருங்கோடு மாலைபோல் ஓடும். ஐரோப்பிய ஆணின் கண் மஞ்சள், கிழக்கத்தி ஆணின் கண் கருமை. இத்தனை தெளிவாகப் பிரித்து எழுதிவைத்த பின்னும், கடந்த சில பத்தாண்டுகளாக அரேபியா, இஸ்ரேல், எகிப்து, துருக்கி வழியே பறந்த சில பறவைகள் இந்தப் பட்டியலுக்குள் அடங்கவில்லை. ஆறு விரல் இருக்கிறது, மணிக்கட்டில் திட்டும் இருக்கிறது. வால்பட்டை ஒன்றைச் சொல்கிறது, தொண்டை வேறொன்றைச் சொல்கிறது. தெற்கு சைபீரியாவில் இரண்டு இனங்களின் கூடு கட்டும் பரப்புகளும் ஒன்றோடொன்று உரசுகின்றன. அங்கே சில ஜோடிகள் எல்லை தாண்டிச் சேர்கின்றன. அந்தக் கூடுகளில் பொரித்த பிள்ளைகள்தாம் மேற்கு ஆசிய வானத்தில் ஆய்வாளர்களைக் குழப்பியவை.

காட்டில், மனிதர் கை படாமல், இரண்டு வேறு இன வேட்டைப் பறவைகள் கூடிக் குஞ்சு பொரிப்பது அரிது. ஆனால் நாம் பள்ளியில் படித்த அளவுக்கு அது நடக்காத காரியம் அல்ல.

இதைச் சொன்னதும் பினாங்கில் எவரும் முதலில் கேட்பது கருடனைப் பற்றித்தான். கோயில் குடமுழுக்கன்று கலசத்துக்கு மேலே வட்டமிட வேண்டுமென்று கூட்டமே அண்ணாந்து காத்திருக்கும் அந்தச் செம்பருந்து இங்கே கடற்கரையெல்லாம் பறக்கிறது. அதனோடு சில நேரம் பழுப்பாக ஒன்று சேர்ந்து திரியும். கரும்பருந்தோடு கலந்து பிறந்ததோ? பெரும்பாலும் அது செம்பருந்தின் சொந்தக் குஞ்சுதான். வெள்ளைத் தலையும் செங்காவி உடலும் வளர்ந்த பிறகே வரும். இளம் பறவை அசலாகக் கரும்பருந்தைப் போலவே இருக்கும். வாலைப் பார்த்தால் தெரிந்துவிடும். செம்பருந்தின் வால் நுனி வட்டமாக முடியும், கரும்பருந்தின் வால் கவைபோல் பிளந்திருக்கும்.

வயதைப் போலவே நிறமும் ஏமாற்றும். கொடிமலைக் காட்டில் இருக்கும் கொண்டைப் பருந்துக் கழுகு இரண்டு உடையில் வரும்: ஒன்று மார்பில் கோடுகள் போட்ட வெளிர் பறவை, மற்றது அலகு முதல் வால் வரை கரிய பறவை. இரண்டும் ஒரே இனம். தேன்பருந்து இன்னும் ஒருபடி மேலே. வெள்ளை, பழுப்பு, கருப்பு, கோடிட்டது, புள்ளியிட்டது என்று ஒரே இனத்துக்குள் எத்தனையோ உடை. அதிலும் இந்தத் தீபகற்பத்திலேயே தங்கி வாழும் தேன்பருந்துகளுக்கு நீண்ட கொண்டை உண்டு. இறகு நிறத்திலும் பக்கத்துக் காட்டின் கொண்டைப் பருந்துக் கழுகுகளை அப்படியே ஒத்திருக்கும். தேன்பருந்து குளவிப் புழுவையும் தேனீப் புழுவையும் தின்னும் ஒப்பீட்டளவில் சாது. பலசாலியின் சாயலைப் பூண்டால் மற்ற வேட்டைப் பறவைகள் நெருங்காது என்பது ஒரு விளக்கம். அதனால் நிறத்தை மட்டும் வைத்து 'கலப்பு' என்று தீர்ப்பு எழுதக் கூடாது. விரல் எண்ணிக்கை, இறக்கையின் அளவு விகிதம், வால்பட்டைகளின் இடைவெளி, முடிந்தால் ஒரு துளி இரத்தம் அல்லது உதிர்ந்த இறகு ஒன்றின் மரபணு, இவை எல்லாம் சேர்ந்து சொன்னால்தான் நம்பலாம்.

சரி, இனம் என்றால்தான் என்ன? இந்தக் கேள்விக்கு 20ஆம் நூற்றாண்டில் அதிகம் எடுத்தாளப்பட்ட பதிலைத் தந்தவர் எர்ன்ஸ்ட் மாயர். தங்களுக்குள் கூடி இனம் பெருக்கி, பிற கூட்டங்களிலிருந்து இனப்பெருக்கத்தில் விலகி நிற்கும் உயிர்க்கூட்டமே இனம் என்று 1942இல் வெளிவந்த நூலில் அவர் வரையறுத்தார். அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பு, 1935இல், இதே மாயர் சாலமன் தீவுகளிலிருந்து ஒரு கடல் கழுகைப் புதிய இனமென்று அறிவித்திருந்தார். தென்கடல் ஆய்வுப் பயணங்களுக்குப் புரவலராக இருந்த சான்ஃபோர்டின் பெயரை அதற்கு வைத்தார். அந்தக் கழுகின் மிக நெருங்கிய உறவினர் யார் தெரியுமா? தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவே உள்ள கால்வாயில், படகுத்துறைக்கு மேலே, பினாங்குக்காரர் எல்லோரும் எப்போதாவது பார்த்திருக்கக்கூடிய வெண்வயிற்றுக் கடல் கழுகு.

பார்வைக்கு இரண்டும் வேறு வேறு. நம் கழுகு தலையும் வயிறும் பளிச்சென்ற வெள்ளை. சான்ஃபோர்டின் கழுகு முழுக்கப் பழுப்பு. வளர்ந்த பிறகும் அது நம் கழுகின் குஞ்சைப் போலவே இருக்கிறது. ஆனால் 1990களில் மைட்டோகாண்ட்ரியா மரபணு ஒன்றை ஒப்பிட்டபோது இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 0.3 விழுக்காடு வேறுபாடுதான் தெரிந்தது. பரிணாமக் கணக்கில் இது நேற்று நடந்த பாகப்பிரிவினை. கடல் கழுகுகளில் இப்படி ஜோடி ஜோடியாகவே உறவுகள் இருப்பது வேடிக்கை: ஒன்றுக்கு வெள்ளைத் தலை, அதன் தம்பிக்கு மங்கிய தலை. அமெரிக்காவின் வெண்தலைக் கழுகுக்கு ஐரோப்பாவின் வெண்வால் கழுகு, ஆப்பிரிக்க மீன்கழுகுக்கு மடகாஸ்கர் மீன்கழுகு, நம் வெண்வயிற்றுக்கு சான்ஃபோர்டு. இனத்துக்கு இலக்கணம் வகுத்தவரே பெயர் சூட்டிய ஒரு பறவை, இரத்தத்தை மட்டும் பார்த்தால் அந்த இலக்கணத்தின் விளிம்பில் நிற்கிறது. மாயருக்கு இதில் குறை ஒன்றும் இல்லை. ஒரு கிளை இரண்டாகப் பிரியும் இடத்தில் போய் நின்றால் எந்த இலக்கணமும் கொஞ்சம் தள்ளாடத்தான் செய்யும்.

இரத்தம் இத்தனை நெருக்கம் என்றால், கலப்பைத் தடுத்து வைத்திருப்பது எது? பழக்கமும் இடமும் காலமும். இதைப் புரிந்துகொள்ளப் பினாங்கு நல்ல இடம்.

நவம்பர் முதல் மார்ச் வரை இந்தத் தீபகற்பத்தின் காடுகளில் இரண்டு வகைத் தேன்பருந்துகள் இருக்கின்றன: ஆண்டு முழுக்க இங்கேயே வாழும் கொண்டைக்காரர்கள், வடக்கிலிருந்து வந்த விருந்தாளிகள். இவை ஒரே இனத்தின் இரண்டு கிளைகள். கூடினால் குஞ்சு பிறக்கத் தடை இருக்க வாய்ப்பில்லை. ஒரே சூடான காற்றுத் தூணில் ஒன்றாகச் சுழல்கின்றன, ஒரே குளவிக்கூட்டைத் தேடுகின்றன. ஆனால் விருந்தாளியின் உடலில் அப்போது இனப்பெருக்க உறுப்புகள் சுருங்கிக் கிடக்கும். பறவைகளில் இது சாதாரண ஏற்பாடு. பறக்கும்போது வீண் சுமை வேண்டாம் என்பதுபோல், கூடு கட்டும் பருவம் முடிந்ததும் விந்தகமும் சூலகமும் பல மடங்கு சிறுத்துவிடும். பகல் நீளும்போது மறுபடி வளரும். நமக்கோ ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வேறுபாடு அரைமணி நேரத்துக்குச் சற்றே அதிகம். வடக்கே போகப் போகத்தான் பகல் விறுவிறுவென்று நீளும். உடலுக்குள் ஓடும் ஆண்டுக் கடிகாரம் புறப்படச் சொல்கிறது, வழியில் நீளும் பகல் உடலைத் தயார் செய்கிறது. ஆக, ஆசை வரும்போது அந்தப் பறவை பினாங்கில் இல்லை.

ஜப்பானில் கூடு கட்டும் தேன்பருந்துகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி, தோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஹிரோயோஷி ஹிகுச்சியும் அவருடைய குழுவினரும் 2003 முதல் பின்தொடர்ந்தார்கள். அவை கிழக்குச் சீனக் கடலை ஒரே மூச்சில் தாண்டிச் சீனாவுக்குள் நுழைந்து, இந்தோசீனா வழியாக இறங்கி, மலாய்த் தீபகற்பம் முழுவதையும் நீளவாக்கில் கடந்து சுமத்ராவுக்குப் போயின. அங்கிருந்து சில போர்னியோவுக்கும் பிலிப்பீன்ஸுக்கும் திரும்பின, சில ஜாவாவுக்கு. பத்தாயிரம் கிலோமீட்டர் தாண்டும் பயணம். கடல்மேல் சூடான காற்றுத் தூண் எளிதில் கிடைக்காது என்பதால் மற்ற இடங்களில் கூடியவரை நீர்ப்பரப்பு குறுகலான இடம் தேடியே தாண்டும். திரும்பி வரும் வழியில் மலாக்கா நீரிணையைத் தாண்டி அவை கரையேறும் இடம் போர்ட் டிக்சன் அருகே உள்ள தஞ்சோங் துவான். மார்ச் மாதத்தில் அங்கே மலேசிய இயற்கைச் சங்கம் 2000ஆம் ஆண்டு முதல் ஊரைக் கூட்டிப் பறவை எண்ணிவருகிறது. களைத்துப்போய் மரமட்டத்துக்குத் தாழ்ந்து வரும் தேன்பருந்தைக் கண்ணுக்கு எதிரே பார்க்கலாம். இறகு இறகாகப் பார்க்க அதைவிட வசதியான இடம் இந்த நாட்டில் இல்லை என்பேன்.

டெல்லியில் இதே கதை பருந்துகளோடு நடக்கிறது. அங்கே உள்ளூர்க் கரும்பருந்துகள் ஜனவரி வாக்கில் கூடு கட்டத் தொடங்கிவிடும். அதே வேளையில் நகரத்தின் குப்பை மலைகளில் மத்திய ஆசியாவிலிருந்து வந்த கருங்காதுப் பருந்துகளும் ஆயிரக்கணக்கில் மேய்ந்துகொண்டிருக்கும். நிஷாந்த் குமாரும் அவரோடு உழைத்தவர்களும் சில பறவைகளுக்குக் கருவி பொருத்தி 2020இல் எழுதியது இது: அந்த விருந்தாளிகள் இமயத்தையே தாண்டி வடக்கே போய்த்தான் கூடு கட்டுகின்றன. ஒரே குப்பைமேட்டில் ஒரே எலும்புக்குச் சண்டை போட்டாலும், ஒன்று தாய்மைக்குத் தயாராக இருக்கும்போது மற்றது வெறும் பசிக்காரன். கருங்காதுப் பருந்து கலக்கும் இடம் டெல்லி அல்ல. அதன் கூடு கட்டும் பரப்பு மேற்கத்திக் கரும்பருந்தின் பரப்பைச் சந்திக்கும் வடக்கே, சைபீரியப் பக்கம்தான் அது நடக்கிறது.

ஆக வேலியின் முதல் கம்பி, எங்கே எப்போது கூடு கட்டுவது என்பது. இரண்டாவது கம்பி காதல் பறத்தல். ஆண் தேன்பருந்து உயரே ஏறி, இறக்கை இரண்டையும் முதுகுக்கு மேலே தூக்கி, காற்றில் நின்றபடி படபடவென்று அடித்துக் காட்டும். பெண் அதைப் பார்த்துத்தான் இவன் நம்மவன் என்று முடிவுசெய்யும். ஐரோப்பியத் தேன்பருந்தும் கிழக்கத்தித் தேன்பருந்தும் ஏறத்தாழ இதே ஆட்டத்தைத்தான் ஆடுகின்றன. அதனால் இந்தக் கம்பி அங்கே தளர்ந்தே இருக்கிறது. சைபீரியாவில் கலப்பு நடப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லாததற்கு இதுவே காரணம்.

வேலி எங்கே உடைகிறது என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. அமெரிக்க மீனியலாளர் கார்ல் ஹப்ஸ் 1955இல் எழுதினார்: ஓர் இனம் அபூர்வமாகவும் அதன் உறவினம் ஏராளமாகவும் இருக்கும் இடத்தில்தான் கலப்பு அதிகம். அவர் சொன்னது மீன்களைப் பற்றி. பறவைகளுக்கு அது இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. சொந்தத்தில் துணை கிடைக்கவில்லை என்றால் தேர்வு தளரும். கலிபோர்னியாவின் சோனோமா மாவட்டத்தில் இதற்கு ஓர் உச்ச எடுத்துக்காட்டு அமைந்தது. மத்திய அமெரிக்காவுக்கும் அரிசோனா, டெக்சாஸ் ஓரங்களுக்கும் உரிய கருங்கழுகு ஒன்று 2000களின் நடுவில் வழி தவறி அங்கே வந்து சேர்ந்தது. சுற்றிலும் பல நூறு கிலோமீட்டருக்குத் தன்னினம் ஒன்றுகூட இல்லை. ஆண்டுகள் கழிந்தன. கடைசியில் உள்ளூர்ச் செந்தோள் பருந்தோடு ஜோடி சேர்ந்தது, குஞ்சும் பொரித்தது. இவை வேறு இனம் மட்டுமல்ல, வேறு பேரினமும்கூட. இந்தக் கலப்பு 2020இல் வேட்டைப் பறவைகளுக்கான ஆய்விதழில் பதிவானது.

அது ஒற்றைப் பறவையின் கதை. ஓர் இனமே அந்தத் தனிமைக்குத் தள்ளப்பட்டால் என்னவாகும்? அதைக் காட்டுபவை புள்ளிக் கழுகுகள். இந்தக் கதை பினாங்கைத் தொடுகிறது. பெரும்புள்ளிக் கழுகு மலேசியத் தீபகற்பத்துக்குக் குளிர்கால விருந்தாளி. செபராங் பிறை போன்ற இடங்களின் நெல்வயல்களும் சதுப்புகளும் அதற்குப் பிடித்தமானவை. கரும்பழுப்பு உடல், அகலமான இறக்கை, வரப்போரத்தில் நின்று எலியையும் தவளையையும் பார்க்கும் பொறுமை. உலக அளவில் 'பாதிக்கப்படக்கூடிய இனம்' என்று பட்டியலிடப்பட்டது. அதன் உறவினமான சிறுபுள்ளிக் கழுகு கிழக்கு ஐரோப்பாவில் கூடு கட்டி, தெற்கு ஆப்பிரிக்காவில் குளிர்காலம் கழிப்பது. அதன் பிடரியில் ஒரு துருநிறத் திட்டு இருக்கும். எண்ணிக்கையில் அது ஏராளம். இரண்டு இனங்களும் பால்டிக் கடலோரம் தொடங்கி மேற்கு ரஷ்யா வரை ஒரே நிலத்தில் கூடு கட்டுகின்றன.

எஸ்தோனியாவின் ஊலோ வாலியும் பிற நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து ஐரோப்பாவின் 14 புள்ளிக் கழுகுக் கூட்டங்களின் மரபணுவை ஆராய்ந்து 2010இல் முடிவு வெளியிட்டார்கள். இரண்டு இனமும் சேர்ந்து வாழ்ந்த எல்லா இடங்களிலும் கலப்பு இருந்தது. கலப்பு நடக்கும் அந்தப் பட்டையின் அகலம் குறைந்தது 1,700 கிலோமீட்டர். எஸ்தோனியாவில் மட்டும் 16 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில் ஒரு வரிசை திரும்பத் திரும்பத் தெரிந்தது. ஓர் எல்லையில் பெரும்புள்ளி ஜோடி இருக்கும். அதில் ஒன்று மறையும். எஞ்சியது சிறுபுள்ளியோடு சேரும். சில ஆண்டுகளில் அந்த இடத்தில் இரண்டும் சிறுபுள்ளிகளாகவே இருக்கும். பெரும்புள்ளி அந்த ஊரைவிட்டே போயிருக்கும்.

கலப்பு ஜோடிகளில் பெரும்பாலும் ஆண் சிறுபுள்ளி, பெண் பெரும்புள்ளி. ஏன் இந்தத் திசையில்? வேட்டைப் பறவைகளில் ஆணைவிடப் பெண் பெரிது. பெரிய இனத்துப் பெண்ணும் சிறிய இனத்து ஆணும் சேர்ந்தால் அந்த ஜோடி பார்வைக்கு வழக்கமான ஜோடியாகவே அமைந்துவிடும். தலைகீழாகச் சேர்ந்தால் ஆண் பெரிதாகத் தெரியும், இரண்டுக்குமே அது அந்நியமாக இருக்கும். இதோடு, துணையைத் தேர்ந்தெடுப்பது பெண் என்பதையும், அபூர்வமாகிப்போன தன்னினத்து ஆண் அந்தப் பெண்ணின் கண்ணில் படவேயில்லை என்பதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளின் கதையில் ஒரு விசித்திரம் உண்டு. அதை விளக்க ஹால்டேன் வர வேண்டும். ஜே.பி.எஸ். ஹால்டேன் 1957இல் இங்கிலாந்தை விட்டு இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரத்தில் மறைந்த மேதை. அதற்கெல்லாம் வெகு முன்னே, 1922இல், ஒரு விதியைக் கண்டு சொன்னார்: இரண்டு இனங்கள் கலந்து பிறக்கும் பிள்ளைகளில் ஒரு பால் மட்டும் பிறக்காமலோ மலடாகவோ போனால், அது இரண்டு வேறு பால் நிறப்புரிகளைத் தாங்கும் பாலாகத்தான் இருக்கும். மனிதரில் அப்படித் தாங்குவது ஆண். பறவைகளில் நேர்மாறு, பெண்தான் வேறு வேறு நிறப்புரிகளைச் சுமக்கிறது. ஆகவே கலப்புக் கழுகுகளில் மகன்கள் நன்றாகப் பிழைத்துப் பெருகலாம், மகள்கள் தடுமாறும்.

இதன் விளைவு நுட்பமானது. மைட்டோகாண்ட்ரியா மரபணு தாயிடமிருந்து மட்டுமே வரும், மகள் வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும். மகள் வழி அடைபட்டால் அந்த மரபணு இனம் விட்டு இனம் தாண்டாது. மகன் வழியாக மற்ற மரபணுக்கள் தாராளமாகத் தாண்டும். புள்ளிக் கழுகுகளில் அப்படியே கண்டார்கள்: கரு மரபணுக்கள் எல்லை தாண்டியிருந்த அளவுக்கு மைட்டோகாண்ட்ரியா தாண்டவில்லை. ஹால்டேன் காகிதத்தில் எழுதிய விதி, போலந்துக் காட்டின் கழுகுக்கூட்டில் உயிரோடு இருக்கிறது.

மூல காரணத்துக்கு வருவோம். பெரும்புள்ளிக் கழுகு வெள்ளம் பாயும் ஆற்றோரக் காட்டையும் அகன்ற சதுப்பையும் நம்பி வாழ்வது. சிறுபுள்ளியோ காடும் வயலும் மாறி மாறி வரும் நிலத்தில் சௌகரியமாக இருக்கும். கிழக்கு ஐரோப்பாவில் சதுப்புகளை வடிகால் வெட்டி உலர்த்தி விளைநிலமாக்கிய ஒவ்வொரு தடவையும், ஓர் இனத்தின் வீடு மற்றதன் வீடாக மாறியது. சதுப்பு வற்றியதால் பெரும்புள்ளி அருகியது, அருகியதால் துணை கிடைக்கவில்லை, துணை கிடைக்காததால் கலந்தது. கலப்பைத் தனி வியாதியாகப் பார்க்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இங்கே அது காய்ச்சல், வியாதி வடிகாலில் இருக்கிறது. பெரும்புள்ளி இன்னும் நிறைய இருக்கும் பகுதிகளில் இந்த ஒருதிசைக் கலப்பு அத்தனை தெளிவாக இல்லை என்று அந்த 2010 ஆய்வே சொன்னது இதைத்தான் உறுதிசெய்கிறது. நம் பக்கம் வரும் பெரும்புள்ளிகள் பெரும்பாலும் கிழக்கே, சிறுபுள்ளி கூடு கட்டாத சைபீரியப் பரப்புகளிலிருந்து வருகிறவை. அந்த அளவுக்கு அவை பாதுகாப்பான தொலைவில் பிறந்தவை.

கலப்புப் பிள்ளை குளிர்காலத்துக்கு எங்கே போகும்? அம்மாவின் ஊருக்கா, அப்பாவின் ஊருக்கா? வாலியின் குழுவினர் இதையும் விடவில்லை. இரண்டு இனங்களுக்கும் கலப்புகளுக்கும் கருவி பொருத்திப் பின்தொடர்ந்து 2018இல் எழுதினார்கள். கலப்புப் பறவைகள் புறப்படும் காலம் ஒரு பெற்றோர் இனத்தைப் போலிருந்தது, போய்ச் சேர்ந்த இடமோ மற்ற இனத்தைப் போலிருந்தது. பெரிய, மிதந்து பறக்கும் பறவைகள் மூத்தவற்றைப் பார்த்தே வழி கற்றுக்கொள்கின்றன என்றுதான் அதுவரை பெரும்பாலும் நினைத்திருந்தார்கள். கூட்டத்தோடு போய்க் கற்றது மட்டுமே பயணம் என்றால் இப்படி ஒரு கலவை வர வழியில்லை. எப்போது கிளம்புவது, எங்கே இறங்குவது என்ற இரண்டும் பறவையின் பிறப்பிலேயே, தனித்தனியாக, ஓரளவு எழுதப்பட்டிருக்கின்றன. கலப்பு இல்லாவிட்டால் அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க நமக்கு வேறு வழி கிடைத்திருக்காது. விஞ்ஞானிக்குக் கலப்புப் பறவை ஒரு வாய்ப்பு என்பதை மறுப்பதற்கில்லை.

மனிதர் கை பட்ட கலப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1971இல் அயர்லாந்தில், வல்லூறு வளர்ப்பாளர்களான ரொனால்ட் ஸ்டீவன்ஸ், ஜான் மாரிஸ் ஆகியோரிடம் இருந்த சேக்கர் வல்லூறும் பைரியும் எவரும் திட்டமிடாமலே கூடிக் குஞ்சு பொரித்தன. அதன்பின் அது ஒரு தொழிலாகவே ஆனது. வேட்டைப் பந்தயத்துக்காக விதவிதமான கலப்பு வல்லூறுகளை வளர்க்கிறார்கள். கயிறு அறுத்துத் தப்பியவை காட்டுப் பைரிகளோடு சேரும் அபாயத்தால் ஐரோப்பாவில் சில நாடுகள் கட்டுப்பாடு விதித்திருக்கின்றன.

தீவுகளில் இந்த விஷயம் வேறு முகம் காட்டுகிறது. ஆப்பிரிக்காவுக்கு மேற்கே உள்ள கேப் வெர்டி தீவுகளில் ஒரு காலத்தில் தனக்கே உரிய பருந்து ஒன்று நிறைய இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அருகிவிட்டது. கரும்பருந்தோடு கலந்து கரைகிறது என்ற அச்சமும் எழுந்தது. காப்பாற்றி வளர்க்கும் நோக்கில் எஞ்சிய சிலவற்றைப் பிடித்து மரபணுவைப் பார்த்தார்கள். 2005இல் வெளியான முடிவின்படி, அந்தப் பறவைகள் வெறும் கரும்பருந்துகள். அருங்காட்சியகத்தில் இருந்த பழைய தோல்களும்கூட ஒரு தனி இனம் என்று சொல்லும்படி ஒன்றுசேர்ந்து நிற்கவில்லை. காப்பாற்றப் போனவர்களின் கூண்டில், காப்பாற்ற வேண்டிய இனம் இல்லை.

ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே நார்ஃபோக் தீவில் நடந்தது இதற்கு நேரெதிர். ஆந்தையும் வேட்டைப் பறவைதான் என்பதால் அதையும் இந்தக் கணக்கில் சேர்க்கிறேன். காடு வெட்டியதில் அங்கிருந்த சிறு ஆந்தை அழிந்துகொண்டே வந்து, 1986இல் ஒரே ஒரு பெண் மட்டும் எஞ்சியது. அதன் இனத்து ஆண் உலகத்தில் எங்கும் இல்லை. மறு ஆண்டு, நியூசிலாந்திலிருந்து உறவு ஆந்தைகளில் இரண்டு ஆண்களைக் கொண்டுவந்து விட்டார்கள். ஒன்று காணாமல் போனது. மற்றதோடு அந்தக் கடைசிப் பெண் ஜோடி சேர்ந்தது, குஞ்சுகள் வந்தன, அவை தமக்குள் பெருகின. தாய் 1990களில் மறைந்தது. இன்று அந்தத் தீவில் இரவில் குரல் கொடுக்கும் ஒவ்வோர் ஆந்தையும் அந்த ஒரே தாயின், அந்த ஒரே அயலூர்த் தந்தையின் வாரிசு.

தூய இரத்தம் இல்லையே என்று முகம் சுளித்த பாதுகாவலர்களும் இருக்கலாம். எனக்கு அந்த முடிவு சரியென்றே படுகிறது. எஸ்தோனியாவில் கலப்பு ஓர் இனத்தை ஊரைவிட்டு அனுப்பியது, நார்ஃபோக்கில் அதே கலப்பு ஒரு தாயின் மரபணுவைத் தீவிலேயே தங்கவைத்தது. இரண்டு இடத்திலும் நடந்தது ஒரே காரியம்தான், தன்னினத்து ஆண் கிடைக்காத பெண் அருகில் இருந்தவனை ஏற்றுக்கொண்டது. ஆஸ்திரேலியச் சட்டம் இப்போது அந்தக் கலப்பு ஆந்தைகளை நார்ஃபோக் தீவு ஆந்தை என்ற பழைய பெயரிலேயே, அழிவின் விளிம்பில் இருப்பவையாகப் பாதுகாக்கிறது.